மூன்று கல் அடுப்பு

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மேடையில் நாம் ஏறினால் சம்பளம், லீவு, வீடு என்றுதான் பேசுவோம் என எண்ணி வந்திருப்பீர்கள். அவை யாவும் பேசவேண்டியவையே. ஆனால் போராடிப் பெற்ற உரிமையை அனுபவிப்பதற்கு உடம்பு வேண்டுமல்லவா? ஆகவே இன்று வயிற்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நம் பாட்டன்மார் காலத்தில் பேசப்பட்டது பசித்த வயிறு. இன்று பேசவேண்டியிருப்பதோ பெருத்த வயிறு.

பிறரைக் குறை சொல்லுமுன் நம்மையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். ஓராண்டுக்கு முன் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மேல் பிள்ளைகளோடு நடந்து ஏறினோம். அது ஒன்றும் பெரிய மலையன்று. பிள்ளைகள் மேலே கலங்கரை விளக்கத்தருகே நின்று கைதட்டி அழைத்தார்கள். நாமோ பாதி வழியில் மூச்சிரைத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். குரங்குகள் நம்மை வேடிக்கை பார்த்தன. வீடு திரும்பியதும் தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தோம். 102 சென்டிமீட்டர்! ஆசியரில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது மருத்துவர் கணக்கு.

இது நம் ஒருவர் குறை மட்டுமன்று. சுகாதார அமைச்சு 2019 ஆம் ஆண்டில் நாடு முழுதும் எடுத்த ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அளவு மீறிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று தெரிந்தது. இந்தியரை மட்டும் பார்த்தால் 63.9 விழுக்காடு. நீரிழிவோ இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு. நூறு பேரில் முப்பத்தொரு பேர்! 2023 ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பருமன் கணக்கு 54.4 விழுக்காடாக ஏறியது. அந்த நூறு பேரில் நம் அண்ணனும் அத்தையும் இருக்கிறார்கள். கால்விரல் போனவரும், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எப்படி வந்தது இந்த நிலை? நம் வட்டாரத்துக் கதையிலேயே பதில் இருக்கிறது. தென்னைமரம் என்ற நம் தமிழ்ப் பெயரையே தாங்கிய தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ளது. அங்கேதான் 1917 ஆம் ஆண்டில் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை, இந்நாட்டில் முதன்முதலாக வாணிகத்துக்கென்று செம்பனையை நட்டார். பின்னர் பல்லாண்டுகளில் ரப்பர் காடுகள் பல சாய்ந்து செம்பனை எழுந்தது. அதன்பின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம் மக்கள் தாமானுக்கும், தொழிற்சாலைக்கும், காவல் கூண்டுக்கும், லாரி ஆசனத்துக்கும் போனார்கள்.

பால்மரம் வெட்டிய தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போனாள். நூற்றுக்கணக்கான மரங்களை ஒருமுறை வெட்டிச் சுற்றினாள். பால் எடுக்க இன்னொருமுறை சுற்றினாள். நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அந்த உழைப்புக்கு ஏற்ற அளவில்தான் நம் தட்டில் சோறு மலைபோல் குவிந்தது. உழைப்பு போய்விட்டது, சோற்று மலை மட்டும் போகவில்லை. அதோடு டின்பால் தேநீரும், ரொட்டி சானாயும், பொரித்த கோழியும் சேர்ந்துகொண்டன. மிஞ்சியது தொந்தி.

இதைக் குறைப்பதற்கு வழி உண்டா? உண்டு. நம் பாட்டிமார் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். ஒரு கல்லை எடுத்துவிட்டால் பானை கவிழும். உடற்கொழுப்பைக் கரைக்கும் அடுப்புக்கும் மூன்று கல் வேண்டும். ஒன்று உணவு. இரண்டாவது நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி. மூன்றாவது பளு தூக்கும் பயிற்சி.

முதற் கல்லாகிய உணவை எடுத்துக்கொள்வோம். உடம்பிலுள்ள கொழுப்பு, செலவாகாமல் மிஞ்சிய உணவின் சேமிப்பாகும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் வரவைவிடச் செலவு 500 கலோரி கூடினால், வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ இறங்கும். அதற்குமேல் விரைந்து இறக்க ஆசைப்படுவது விவேகமாகாது.

நம் நண்பரான கிராணி ஒருவர் மூன்று மாதம் தவறாமல் காலையில் ஒரு மணி நேரம் நடந்தார். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. "நடையெல்லாம் பொய்யப்பா!" என்று நம்மிடம் கோபித்தார். விசாரித்ததில், நடை முடியும் இடம் ஒரு சாப்பாட்டுக்கடை என்று தெரிந்தது. விரைந்து நடக்கும் ஒரு மணி நேரத்தில் செலவாவது ஏறத்தாழ 300 கலோரி. ஒரு ரொட்டி சானாயிலும் சுமார் 300 கலோரி உண்டு. நண்பர் உண்டதோ இரண்டு ரொட்டி. மேற்கொண்டு ஒரு தே தாரிக். ஒரு மணி நேர வரவை ஐந்து நிமிடத்தில் வாயால் அடைத்துவிட முடியும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தேநீர்க் கணக்கும் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி டின்பாலில் சுமார் 130 கலோரி. நாளைக்கு மூன்று கோப்பை என்றால் 390. தேநீரை விடவேண்டாம், டின்பாலையும் சீனியையும் படிப்படியாகக் குறைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அரசாங்கமே 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதித்ததைக் காண்க. சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. சட்டியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றவேண்டும். பீரும் சம்சுவும் அவ்வாறே கணக்கில் ஏறும்.

சோற்றை அடியோடு விடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு காட்டும் வழி எளியது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு போன்ற புரத உணவு. நம் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. கங்கோங், முருங்கைக்கீரை, பயற்றங்காய், வெண்டைக்காய் ஆகியவை கறிக்குத் துணையாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கின்றன; அவை பாதித் தட்டுக்கு வரவேண்டும்.

புரதம் விலை அதிகமென்பீர்கள். இறைச்சியும் பெரிய மீனும் விலைதான். முட்டை, நெத்திலி, பருப்பு, தௌஹூ, தெம்பே ஆகியவை நம் கைக்கு எட்டுபவை. எடை குறைத்துப் பளுவும் தூக்குகின்ற 60 கிலோ எடையுள்ளவர், நாளுக்கு 70 கிராம் புரதமாவது உண்பது நலம். முட்டை ஒன்றில் 6 கிராம் உண்டு. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் உண்டு. வேளைதோறும் கொஞ்சம் பிரித்து உண்டால் பசியும் அடங்கும்.

இரண்டாவது கல் நடை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. பேச முடியவேண்டும்; பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. இருதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதைப்போன்ற மருந்து வேறில்லை.

மூன்றாவது கல் பளு. இதைத்தான் நம்மவர் மறந்துவிடுகின்றனர். "பளு தூக்குவது பயில்வான்களின் வேலை" என்று பெண்களும் முதியோரும் ஒதுங்குகின்றனர். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். உண்ட உணவின் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய களஞ்சியம் தசையேயாகும். களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும்.

இந்தியருக்கு இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஏட்டில் தங்கள் இருவர் படத்தையுமே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு! எனவே தராசை மட்டும் நம்பலாகாது, நாடாவையும் நம்பவேண்டும்.

பளு தூக்குவதற்குப் பணம் கட்டி எங்கும் போகவேண்டியதில்லை. பழைய வாளியில் மணல் போட்டால் பளு ஆயிற்று. ஐந்து கிலோ அரிசிப் பை ஒரு பளு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரிலோ தரையிலோ தண்டால், குனிந்து வாளியை இடுப்புவரை இழுத்தல், தரையிலிருந்து முதுகை நேராக வைத்துத் தூக்குதல்: இந்த நான்கு போதும். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று முறை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். எளிதானதும் மணலைக் கூட்டுங்கள்.

இனி, இந்த மூன்றையும் எப்படிச் சமன் செய்வது? எல்லாருக்கும் ஒரே அளவு என்பது தவறு. உங்கள் தொழில் எதைக் கொடுக்கிறதோ அதை விட்டுவிட்டு, எதைக் கொடுக்கவில்லையோ அதைச் சேர்க்கவேண்டும்.

பால்மரம் வெட்டும் தோழருக்கு நடை தொழிலிலேயே கிடைக்கிறது. அவர் மாலையில் மீண்டும் ஓடவேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் பளுப் பயிற்சியும், தட்டைத் திருத்துவதும் போதும். விடியுமுன் எழுகின்றவர் இரவு வெகுநேரம் விழித்திருந்தால் பசி கூடும்; ஆதலின் உறக்கமும் வேண்டும். செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கும் தோழருக்கு நடையும் பளுவும் இரண்டும் தொழிலில் உண்டு. அவர் பார்க்கவேண்டியது உணவையும், வேலைக்குப்பின் குடிக்கும் இனிப்புப் பானத்தையும்தான். கிராணிக்கும், காவலருக்கும், லாரி ஓட்டுநருக்கும் இரண்டும் இல்லை. அவர்கள் நாளுக்கு அரைமணி நடையும், வாரம் இருமுறை பளுவும் சேர்க்கவேண்டும். வீட்டு வேலையும் வெளி வேலையும் செய்து களைக்கும் தாய்மாருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆகவே ஆண்மக்கள் பாத்திரத்தைக் கழுவி, அந்த அரைமணியை அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இதற்குப் பலன் உண்டா என்று ஐயுறுவோருக்குச் சென்னையில் நடந்ததைச் சொல்கிறோம். டாக்டர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவை 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேர்தான் விழுந்தார்கள். உடலுழைப்புத் தொழில் செய்தவர்களை அந்த வேலையையே தொடரச் சொன்னார்கள். அவர்கள் எடை பெரிதாக இறங்கவுமில்லை. ஆயினும் நன்மை கிடைத்தது. ஆகவே தராசு முள் அசையவில்லை என்று ஒருவரும் மனம் தளரவேண்டாம்.

சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் கேட்கவேண்டும். இல்லையேல் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமே கூட்டலாகாது. நெஞ்சில் வலி வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. சந்தையில் விற்கும் மெலிய வைக்கும் காப்பிப் பொட்டலங்களை நம்பாதீர்கள். இருதயத்துக்கு ஆபத்தென்று விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து இத்தகைய சிலவற்றில் மறைவாகக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தோழர்களே! தனியாகத் தொடங்கினால் மூன்றாம் நாளே சோம்பல் வரும். சேர்ந்து நிற்பது நாம் அறிந்த வித்தை. மாலையில் பத்துப் பேர் திடலில் கூடுங்கள். சிலம்பம் தெரிந்த பெரியவர் இருந்தால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நம் கூட்டங்களில் பக்கோடாவும் சீனித் தேநீரும் கொடுத்துவிட்டு நலத்தைப் பற்றிப் பேசுவது அழகாகாது. அடுத்த கூட்டத்திலிருந்து சுண்டலும் சீனியில்லாத் தேநீரும் வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் இடுப்பு இன்று 94 சென்டிமீட்டர். இன்னும் நான்கு பாக்கி. ஆனால் சென்ற மாதம் அதே குன்றில் ஏறி, கலங்கரை விளக்கத்தருகே பிள்ளைகளோடு நின்றோம்.

உழைத்துச் சேர்த்த காசை, ஓய்வுபெற்ற பின் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டிவிட்டு நிற்பதற்கா நாம் இத்தனை காலம் பாடுபட்டோம்? இன்றிரவு வீட்டுக்குப் போனதும் நாடாவை எடுங்கள். கணவனும் மனைவியும் அளந்து, எண்ணை நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து இதே இடத்தில் கூடும்போது, அந்தத் தாளைக் கையில் கொண்டு வாருங்கள்.