மாடி வீடும் மாதக் கட்டணமும்



கொழும்பிலே, சிறப்பாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளிலே, தொடர்மாடி வீடுகளில் வாழும் நம்மவர் தொகை சிறிதன்று. காணி வாங்கி, கிணறு வெட்டி, வேலி அடைத்து வாழ்ந்தவர்களின் வழிவந்தவர் நாம். வேலி பழுதானால் புதுக் கதியால் நட்டோம். கிணறு கலங்கினால் அயலவருடன் சேர்ந்து இறைத்தோம். அதற்காக மாதந்தோறும் எவருக்கும் கட்டணம் செலுத்தியதில்லை. ஆதலால், பெருந்தொகை கொடுத்து வாங்கிய வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகையை மாதா மாதம் கேட்கும்பொழுது, "சொந்த வீட்டுக்கும் வாடகையா?" என்று மனம் சினப்பது இயல்பே. நானும் அவ்வாறு சினந்தவன்தான். அப்பணத்துக்குத் தக்க பயன் நமக்குக் கிடைக்கின்றதா என்பதை இன்று சற்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில், நாம் வாங்கியது எதனை என்று தெளிதல் வேண்டும். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் மாடி வீட்டு உரிமையை வகுத்தது. அதன்படி நாற்சுவருக்கு உட்பட்ட பகுதி நமக்கே உரியது. கூரை, படிக்கட்டு, தூண்கள், தண்ணீர்த் தாங்கி, பெருங்குழாய்கள் ஆகியன அனைவருக்கும் பொதுவானவை. உரிமையாளர் யாவரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்னும் அமைப்பின் உறுப்பினராகின்றனர். தத்தம் பங்குப் பெறுமதிக்கு ஏற்பப் பணம் செலுத்தக் கடமைப்படுகின்றனர். இது விரும்பினாற் சேர்ந்து, வெறுத்தால் விலகும் சனசமூக நிலையம் அன்று. வீட்டை விற்றாலன்றி விலக வழியில்லை.

கட்டணத்தின் பெரும் பகுதி எங்கே செல்கின்றது என்பதைக் கண்ணாலேயே காணலாம். காவலாளியின் சம்பளம், படிக்கட்டுக் கூட்டுதல், தண்ணீர் இறைக்கும் மோட்டார், மின்தூக்கி, பொது விளக்குகள் என்பன அவை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபொழுது, மின்பிறப்பாக்கிக்கு டீசல் வாங்கியே பல கட்டடங்களின் கையிருப்புக் கரைந்தது.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் வசிக்கின்றார். கூட்டந்தோறும் அவர் எழுந்து, "தம்பி, நான் ஒரு நாளும் ஏறாத லிப்டுக்கு நான் ஏன் காசு கட்ட வேணும்?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். ஒரு முறை மேல்மாடியில் வசிக்கும் அம்மையார் அவருக்கு மறுமொழி சொன்னார்: "ஐயா, கழிவுக் குழாய் அடைத்தால் தண்ணீர் உங்கள் குளியலறைக்குள்ளேதான் வரும், என் வீட்டுக்கு ஏறி வராது. நானும் அதற்குக் காசு கட்டத்தானே வேணும்?" பெரியவர் சிரித்துவிட்டு அமர்ந்தார். ஆயினும் அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுந்தார்.

கண்ணுக்குத் தெரியும் செலவைப் பற்றிய இவ்வழக்குகள் சிறியவை. என் கருத்தில், கட்டணத்தின் உண்மையான மதிப்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியிலேதான் தங்கியிருக்கின்றது. வருங்காலப் பெருந்திருத்த வேலைகளுக்கென ஒதுக்கி வைக்கப்படும் நிதியே அது. கடலோரக் காற்றில் உப்புண்டு. அவ்வுப்பு கொங்கிறீற்றின் நுண்டுளைகள் வழியே ஊறி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அடைகின்றது. கம்பி துருப்பிடிக்கின்றது. துரு, இரும்பினும் அதிக இடத்தை வேண்டுவது. ஆகவே உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கின்றது. வெளியே ஒரு மயிரிழை வெடிப்புத் தோன்றுங் காலத்தில், உள்ளே நோய் முற்றியிருக்கக் கூடும்.

இந்நோயைப் புறக்கணிப்பதால் விளைவது யாதென்பதற்கு அமெரிக்காவில் ஒரு துயரச் சான்றுண்டு. புளோறிடா மாநிலத்திலே, மயாமி நகருக்கு அண்மையில், சேர்ப்சைட் என்னும் கடற்கரை ஊரில் 1981இல் எழுந்தது சாம்பிளேன் தென்கோபுரம். 12 மாடிகள், 136 வீடுகள். நீச்சற் குளத்தைச் சூழ்ந்த தளத்திலே நீர்த்தடுப்புப் பழுதாகி, அதன் கீழுள்ள கொங்கிறீற்றுப் பெரிதும் கெட்டிருப்பதாக 2018இல் ஒரு பொறியியலாளர் எழுதிக் கொடுத்தார். திருத்தச் செலவு 90 இலட்சம் டொலருக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. ஒதுக்கு நிதியிலோ 10 இலட்சம் டொலரும் இல்லை. பெரும்பான்மை வாக்கினால் ஒதுக்கு நிதி சேர்ப்பதையே தவிர்த்துக்கொள்ள அம்மாநிலச் சட்டம் அக்காலத்தில் இடமளித்திருந்தது. விவாதம் நீண்டது. 2019இல் நிருவாக சபையினர் எழுவரில் ஐவர் விலகினர். 2021இல் செலவு 150 இலட்சம் டொலராக உயர்ந்திருந்தது. சிறு வீட்டுக்காரருக்கே சுமார் 80,000 டொலர் பங்கு விழுந்தது. அப்பணத்தைச் செலுத்தத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. ஜூன் 24ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையிற் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தோர் உட்பட 98 பேர் மாண்டனர்.

பழி முழுவதையும் வீட்டுக்காரர் மேல் சுமத்துவது நேர்மையாகாது. அத்தளம் வரைபடத்திலேயே போதிய வலுவின்றி அமைக்கப்பட்டிருந்ததைப் பின்னர் அரசாங்க ஆய்வாளர் கண்டனர். ஆனால், கையிற் பணம் இருந்திருப்பின் வேலை மூன்றாண்டு தாமதித்திராது என்பதும் மெய்யே. 2022இல் அம்மாநிலம், கட்டமைப்புக்கான ஒதுக்கு நிதியை வாக்கெடுத்துத் தவிர்க்கும் வழியை அடைத்துச் சட்டஞ் செய்தது. கட்டணங்கள் ஏறின, ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் தத்தளித்தனர், 2025இல் சட்டத்தைச் சற்றே தளர்த்த நேர்ந்தது. கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்த இன்பத்துக்கு நெடுங்காலஞ் சென்று கொடுத்த விலை அது.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் கட்டடத்தில் 24 வீடுகள். 2019இல் கட்டணத்தை மாதம் 1,500 ரூபாவால் உயர்த்தி, அதனைத் தனிக் கணக்கில் இடவேண்டும் எனச் செயலாளர் கேட்டார். எதிர்த்துக் கையுயர்த்தியவருள் நானும் ஒருவன். 2023இல் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியின் அடித்தளம் துருவேறி உதிரத் தொடங்கிற்று. சீமெந்தும் கம்பியும் விலையேறியிருந்த காலம். வீடொன்றுக்கு 140,000 ரூபா கேட்கப்பட்டது. நான்காண்டு செலுத்தியிருந்தால் 72,000 ரூபாவுடன் முடிந்திருக்கும். இரண்டு குடும்பத்தினர் நகையை அடகு வைத்தனர். வெளிநாட்டில் வாழும் உரிமையாளர் ஒருவரிடமிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை. அவர் பங்கை நாமே பகிர்ந்து கொண்டோம்.

ஆனாற் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குக் காட்டாத கட்டணம் எவ்வளவு சிறிதாயினும் அதிகமே. கட்டியவரே ஆண்டுக்கணக்கில் நிருவாகத்தைக் கைவிடாது வைத்திருக்கும் கட்டடங்களும், ஒதுக்கு நிதியை எடுத்து டீசல் வாங்கும் கட்டடங்களும் உண்டு. இத்தகைய பிணக்குகளை முறையிடக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கின்றது. ஆயினும் முறையீட்டுக்கு முன், கணக்காய்வு செய்த கணக்கை வருடாந்தக் கூட்டத்திலே கேட்பதற்கு எத்தனை பேர் வருகின்றோம்? எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாக வருவோர் ஒன்பது பேர். நான் செலுத்தும் நூறு ரூபாவில் எத்தனை ரூபா கூரைக்கும் தூணுக்கும் சேர்கின்றது, அது எவ்வங்கியில் எவர் கையொப்பத்தில் இருக்கின்றது என்று கேட்டால், நல்ல செயலாளர் கோபிக்க மாட்டார், மகிழ்வார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வருடாந்தக் கூட்டம். அந்தப் பழைய 1,500 ரூபாவை, இப்பொழுது 4,000 ரூபாவாக, மீண்டும் முன்வைக்கின்றனர். இம்முறை ஆதரித்துக் கையுயர்த்த எண்ணியுள்ளேன். தரைத்தளப் பெரியவரும் வருவார். லிப்டைப் பற்றி அல்ல, கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கப் போவதாக நேற்று மாலை என்னிடம் சொன்னார்.