இரண்டாம் தண்ணீர்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது. தெருமுனையில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அதே தெருவில் வாசலில் ஒரு முருங்கை, கொல்லையில் ஒரு கறிவேப்பிலை, மாடியில் நாலு தொட்டிக் கீரை. அவையும் வாடி நின்றன.

"ஃபாதர், குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது செடிக்கு ஊற்றுவது பாவமா?" கோடைதோறும் எழும் கேள்வி இது. மனச்சாட்சி உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள்.

அந்த ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குரிய நற்செய்தி, லூக்கா 13ஆம் அதிகாரத்தில் உள்ள காய்க்காத அத்திமர உவமை. மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பார்த்த உரிமையாளர் மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகத் தம் உழைப்பை ஈடாக வைத்துக் கேட்கிறார். மழை வரட்டும், பார்க்கலாம் என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. கொத்திய மண்ணில்தான் நீர் உள்ளே இறங்கும். எருவுள்ள மண்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறட்சியில் ஒரு மரத்தைக் காப்பாற்றும் வேலை அதுவே.

இப்போது கேள்விக்கு வருவோம். முதல் தண்ணீர் மனிதருக்கு உரியது. பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு 'லவுதாத்தோ சி' திருமடலில் தெளிவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக் குடம் காலியாக இருக்கும்போது, நாம் மோட்டார் போட்டுப் புல்தரையை நனைத்தால், அந்தப் பசுமையில் அடுத்தவர் பங்கும் கலந்திருக்கிறது. அது தவறுதான்.

ஆனால் இரண்டாம் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறதே! அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், துணியைக் கடைசியாக அலசிய நீர். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் மட்டும் வேண்டாம். குளித்த நீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். வெயில் தாழ்ந்தபின், இலையில் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் வேர் கீழே போகும். நாம் கூட்டி எரிக்கும் சருகை வேரைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை மட்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். கசிவு வேருக்குப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது, அழகுத் தொட்டிகளை விட்டுவிட்டு, நிழலும் உணவும் தரும் மரத்தைக் காப்பாற்றுங்கள்.

மழைக்காலத்தையும் இப்போதே நினைக்க வேண்டும். 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி நம் வீட்டில் எந்த நிலையில் இருக்கிறது? குப்பை அடைத்துக் கிடந்தால், ஐப்பசி மழை சாக்கடைக்குத்தான் போகும். அதைத் தூர் வாருவதும் கொத்தி எருவிடும் வேலையே.

அன்பானவர்களே, நம் வீட்டிலும் வாடி நிற்கும் மனிதர்கள் உண்டு. தேர்வில் தோற்ற பிள்ளை, குடியை விடமுடியாமல் தவிக்கும் தம்பி, பேச ஆளில்லாத பாட்டி. "இதெல்லாம் தேறாது" என்று கோடரியை எடுப்பது எளிது. பெரிதாகக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நாளின் முடிவில் மிஞ்சும் கால் மணி நேரத்தையாவது அவர்கள் வேரடியில் ஊற்றுவோம். அத்திமரம் பிறகு காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. கொத்துவது நம் வேலை, காலம் கடவுளுடையது.

ஆண்டவரே, எங்கள் ஊருக்கு மழை தாரும். அதுவரை, இருப்பதைப் பகிரும் மனதையும், வாடியதைக் கைவிடாத பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.