தோள் இறுகிப் போனால் ஒளிக்காதீங்க

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கூட்டம்னா நாம சேமிப்பு, உள்கடன், தவணை இதைத்தான் பேசுவோம். எனக்குக் கொடுத்த இந்தக் கொஞ்ச நேரத்துல நம்ம தோளைப் பத்திப் பேசப் போறேன். தோள் ஓடலேன்னா தவணையும் ஓடாது. அதனால இதுவும் குழு விஷயம்தான்.

நான் கருவாட்டு வியாபாரம் செய்யுறவ. 48 வயசுல எனக்கு வலது தோள்ல வலி ஆரம்பிச்சது. விழவும் இல்ல, அடிபடவும் இல்ல. மூணு, நாலு மாசத்துல கை காதுக்கு மேல போகல. தலை சீவ முடியல, கொடியில துணி போட முடியல, ரவிக்கை மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியதாச்சு. சும்மாடு வச்சுக் கூடை தூக்கின கை, அலமாரியில இருந்து டம்ளர் எடுக்க நடுங்குச்சு. வீக்கம் இல்ல, கட்டு இல்ல, வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அதனால, “நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தா, வேலைன்னு வந்ததும் கை வலிக்காம்”னு பேச்சு வேற. வலியை விட அந்தப் பேச்சுதான் நம்மை ஒளிக்க வைக்குது.

இதுக்கு டாக்டர்கள் வச்சிருக்கிற பேர் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’. தமிழ்ல உறைந்த தோள்பட்டைன்னு சொல்றாங்க. 1934-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன் வச்ச பேர் அது. ஜப்பான்ல இதை ‘ஐம்பது வயசுத் தோள்’னே சொல்லுவாங்க. அதனால இது செய்வினையும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. 40-ல இருந்து 60 வயசுக்குள்ள உலகம் பூரா வர்ற நோவு. ஆம்பளைகளை விட நமக்குத்தான் அதிகம்.

தோள் மூட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அக்குள் பக்கம் அது தளர்வா இருக்கிறதாலதான் கை மேல போகுது. அந்த உறை அழன்று, தடிச்சு, தண்ணியில போட்டதும் சுருங்கிப் போன ரவிக்கை மாதிரி மூட்டைப் பிடிச்சுக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்களா தூக்கினாலும் போகாது, அடுத்தவங்க பிடிச்சுத் தூக்கினாலும் போகாது. முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினா பாதியிலயே நின்னுடும். எக்ஸ்ரேயில பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. அதுக்காக நோவு இல்லைன்னு ஆயிடாது.

இதுக்கு மூணு கட்டம் உண்டு. முதல்ல வலிக் கட்டம், 2 முதல் 9 மாசம். ராத்திரிதான் ரொம்பப் படுத்தும். அடுத்தது இறுக்கம், 4 முதல் 12 மாசம். வலி குறையும், கை அசையாது. மூணாவது இளகுற கட்டம். சிலருக்கு 2 வருஷம் கூட ஆகும். மொத்தமா 1 முதல் 3 வருஷம். முக்கால்வாசிப் பேருக்கு நல்லா இளகிடும், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சும். எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரே வாரத்துல சரி பண்றேன்னு யாராவது சொன்னா நம்பிப் பணம் கட்டாதீங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பொதுவா 100 பேர்ல 2 முதல் 5 பேருக்கு வர்ற இந்த நோவு, சர்க்கரை இருக்கிறவங்கள்ல 100-க்கு 10 பேருக்கு மேல வருது. தைராய்டு கோளாறு உள்ளவங்களுக்கும் அதிகம். தோளுக்குன்னு போன எனக்கு, ரத்தம் எடுத்துப் பார்த்தப்பதான் சர்க்கரை இருக்குன்னே தெரிஞ்சது. தோள் இறுகினா சர்க்கரையும் தைராய்டும் சோதிச்சுப் பாருங்க. சர்க்கரை தெரியாமலே கிடந்தா கண்ணு, சிறுநீரகம், கால் எல்லாத்தையும் தின்னுடும்.

அன்றாட வேலையை எப்படிச் சமாளிக்கிறது? நான் செஞ்சதைச் சொல்றேன்.

உடுத்தும்போது நோவுள்ள கையை முதல்ல நுழைங்க. கழட்டும்போது நல்ல கையை முதல்ல உருவுங்க. பின்னால கொக்கி போடுற உள்ளாடையை முன்னால மாட்டித் திருப்பிக்கலாம். தலை சீவ, முழங்கையை மேசையிலயோ ஜன்னல் திண்டுலயோ ஊன்றிக்கிட்டுத் தலையைச் சாய்ங்க.

படுக்கையில நோவுள்ள பக்கம் படுக்காதீங்க. மல்லாந்து படுத்தா கைக்கு அடியில ஒரு தலையணை. ஒருக்களிச்சா தலையணையைக் கட்டிப்பிடிச்ச மாதிரி கையை அதுமேல வைங்க. எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது இதனாலதான்.

அடுக்களையில தினம் எடுக்கிற உப்பு, புளி, அரிசி, எண்ணெய் எல்லாத்தையும் மேல் தட்டுல இருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்குங்க. கொடியைத் தோளுக்குக் கீழே இறக்கிக் கட்டுங்க. முழுக் குடத்தை ஒரே தூக்கா தூக்காம அரைக் குடமா ரெண்டு நடை போங்க. பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்காதீங்க. சீட்டுக் கம்பியைப் பிடிங்க. கோயில்ல தலைக்கு மேல கை குவிக்க முடியலையேன்னு ஒரு அக்கா எங்கிட்ட அழுதாங்க. நெஞ்சோட குவிச்சாலும் சாமி ஏத்துக்கும் அக்கா.

வலிக்குதுன்னு கையைத் தூளி கட்டி வச்சுடாதீங்க; அசைக்காம வச்சா இன்னும் இறுகும். அதுக்காக யார்கிட்டயும் கையைக் கொடுத்து ‘இழுத்து விடு’ன்னும் கேட்காதீங்க. வலிக் கட்டத்துல ஓங்கி இழுத்தா நோவு கூடும். பயிற்சி மெதுவாத்தான்.

முதல்ல வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால 10 நிமிஷம் ஒத்தடம். சர்க்கரை உள்ளவங்க சூட்டை வேற ஆளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிட்டு வைங்க. அப்புறம் நல்ல கையை மேசையில ஊன்றிக் குனிஞ்சு, நோவுள்ள கையைக் கிணத்து வாளி மாதிரி தொங்க விட்டு, சின்ன வட்டமா 10 தடவை ஆட்டுங்க. அடுத்து சுவர்ல விரலை நண்டு மாதிரி மேல ஏத்துங்க. எட்டின இடத்துல பென்சிலால ஒரு கோடு போடுங்க. எங்க வீட்டுச் சுவர்ல 40 கோடுக்கு மேல இருக்கு. ஒவ்வொரு கோடும் சேமிப்புப் பாஸ் புக்கு மாதிரி. கை இளகினதும், ரெண்டு கையாலயும் ஒரு கம்பைப் பிடிச்சு, நல்ல கையால நோவுள்ள கையை வெளிப்பக்கம் தள்ளுங்க. ஒரு தடவைக்கு 5, 10 நிமிஷம், நாளைக்கு மூணு தடவை போதும். இழுக்கிற மாதிரி இருந்தா பரவாயில்ல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் கெடுற அளவு வலிச்சா மறுநாள் குறைச்சுக்குங்க.

வைத்தியத்துக்குத் திருச்செந்தூர் அரசு மருத்துவமனை இருக்கு. பெரிய சோதனை வேணும்னா தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வலிக் கட்டத்துல மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. நல்ல ஆறுதல் கிடைக்கும். ஆனா சில நாள் சர்க்கரை ஏறும், அதனால சர்க்கரை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. மருந்துக் கடையில நாமளா வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்குல முழுங்கினா சிறுநீரகம் கெடும். 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீடு தேடி வர்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், நம்ம மாதிரி மகளிர் குழுக்கள்ல இருந்து வந்தவங்கதான். அந்தத் திட்டத்துல இயன்முறை சிகிச்சையும் உண்டு. கூச்சப்படாமக் கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. தோள்வலியோட நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சுத் திணறல் இருந்தாலோ, திடீர்னு ஒரு பக்கம் கை விழுந்து வாய் கோணினாலோ, அது தோள் நோவு இல்ல. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

கடைசியா குழுவுக்கு ஒரு வார்த்தை. எனக்கு முடியாமப் போனப்ப எங்க குழு என்னை விலக்கல. வேலையை மாத்திக் கொடுத்துச்சு. கூடை தூக்குறது மத்தவங்க. நெத்திலி தரம் பிரிக்கிறது, எடை போடுறது, கணக்கு எழுதுறது நான். வருமானம் குறைஞ்சாலும் நிக்கல, என் தவணையும் நிக்கல. ஒருத்தி கூட்டத்துக்கு வராம இருந்தா, கடனுக்குப் பயந்து ஒளியுறான்னு உடனே முடிவு கட்டாதீங்க. வீட்டுக்குப் போய்க் கையைப் பாருங்க.

நாம ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்குறோம். இனிமே எண்ணிக்கை மட்டும் பார்க்காதீங்க. யார் கை பாதியிலயே நிக்குதுன்னும் பாருங்க. அவங்களைத் தனியா கூப்பிட்டு, “சர்க்கரை பார்த்தியா மைனி?”ன்னு கேளுங்க. இதை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்துல எழுதி நடத்தணும்னு கேட்டுக்கிறேன்.