எதிரொலியை நீட்டும் பெட்டி



எங்கள் லெம்பா பெர்த்தாமில் விடியற்காலையில் தேயிலைச் சரிவில் நின்று எதிர்மலையைப் பார்த்துக் கூப்பிட்டால், கொஞ்சம் பொறுத்து மலையும் கூப்பிடும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. மலை 100 மீட்டர் தூரத்தில் இருந்தால் போய்வர 200 மீட்டர். ஆகவே நம் குரல் திரும்பி வர ஏறத்தாழ 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இந்தக் கணக்கை நான் பிள்ளைகளை வெளியே நிறுத்தித்தான் சொல்லிக் கொடுப்பது வழக்கம்.

அப்படிப் படித்துப் போன ஒரு பையன், இப்போது இருபது வயது, காய்கறித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். கோயில் திருவிழாவில் வாசிக்கும் குழுவில் கிட்டார் அவனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தந்தை அவனையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு தகரப் பெட்டி.

"சார், இவன் சம்பளத்துல பாதி இந்த டப்பாவுக்குள்ளதான் போகுது. கேட்டா எக்கோங்கிறான். இப்ப அதுவும் விசிலடிக்குது. திருவிழா முடிஞ்சதும் கிட்டாரைக் கொடுத்துடப் போறேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தந்தைக்கு விளக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

லாரியில் தேயிலை மூட்டை ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுவார்கள் அல்லவா? முதல் ஆள் வாங்கிய மூட்டை கடைசி ஆளிடம் சேரக் கொஞ்ச நேரம் ஆகிறது. வரிசை நீளமானால் நேரம் கூடும். ஆட்கள் மெதுவாக மாற்றினாலும் நேரம் கூடும். 1969-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் இதே முறையில் ஒரு மின்சுற்றை அமைத்துக் காட்டினார்கள். மூட்டைக்குப் பதில் மின்னூட்டம். ஆட்களுக்குப் பதில் மிகச்சிறிய மின்தேக்கிகள். தீயணைக்க வாளி மாற்றும் வரிசையை நினைத்து அதற்கு வாளி வரிசை என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு முன் எதிரொலி வேண்டுமென்றால் ஒலிநாடா ஓடும் கனமான கருவி வேண்டும். வாளி வரிசைச் சில்லு வந்த பிறகு அது காலால் மிதிக்கும் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட டி.எம்.-2 இந்த வகையில் பேர்பெற்றது. அது தரும் தாமதம் 300 மில்லி விநாடி வரை. நம் கணக்கில் 50 மீட்டர் தூரத்து மலை.

நம் பையன் செய்ததும் அதே மாதிரிப் பெட்டிதான். வரைபடம் பார்த்து, உதிரிப் பாகங்கள் வாங்கி, தானே ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். 300 மில்லி விநாடிக்கு நன்றாகவே வேலை செய்ததாம். ஆனால் அவனுக்கு வேண்டியது 50 மீட்டர் மலை அல்ல, எதிரே தெரியும் மலை. அதாவது 600.

அதற்கு அவன் செய்தது என்ன? சுற்றில் ஒரு கடிகாரப் பகுதி உண்டு. 'மாற்று, மாற்று' என்று வரிசைக்குத் தாளம் போடுவது அதுதான். அதிலிருந்த 47 பைக்கோஃபாரட் மின்தேக்கியை எடுத்துவிட்டு 100 போட்டான். மின்தேக்கி இரண்டு மடங்கானால் தாளம் ஏறத்தாழப் பாதியாகும், தாமதம் இரட்டிக்கும். கணக்கு சரிதான். தாமதமும் கிடைத்தது. கூடவே விசிலும் வந்தது, கிட்டாரின் ஒலி கம்பளிக்குள் பேசுவதுபோல் மங்கியது.

காரணம் இதுதான். அவன் பெட்டியிலிருந்த 3205 என்ற சில்லில் 4,096 வாளிகள். ஒரு வாளி நிறைந்திருக்க அடுத்தது காலியாக இருந்தால்தான் மாற்ற முடியும். ஆகவே ஒரு தாளத்துக்கு இரண்டு படி. ஒலி முழு வரிசையையும் கடக்க 2,048 தாளம் வேண்டும். விநாடிக்கு 6,800 தாளம் போட்டால் 300 மில்லி விநாடி. 3,400 போட்டால் 600. ஆனால் தாளத்தின் வேகத்தில் பாதிக்கு மேல் துடிக்கும் ஒலியை இந்த வரிசையால் தூக்கிச் செல்ல முடியாது. முன்பு 3,400 துடிப்பு வரை இடமிருந்தது. பழைய தொலைபேசியில் குரல் கேட்பது அந்த அளவில்தான். இப்போது 1,700-தான். கம்பியின் கணகணப்பெல்லாம் அதற்கு மேலே இருக்கிறது. அதோடு, 6,800-இல் அடித்துக்கொண்டிருந்த தாளத்தின் ஓசையைப் பழைய வடிகட்டி அடக்கி வைத்திருந்தது. தாளம் 3,400-க்கு இறங்கியதும் அது வடிகட்டியைத் தாண்டி, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தந்தை கேட்ட விசில் அதுதான்.

"அப்ப பழைய மாதிரியே வச்சுக்கிடலாமே" என்றார் தந்தை. அதுவும் ஒரு வழிதான். ஆனால் இன்னொரு வழி உண்டு. ஆட்களை மெதுவாக வேலை செய்யச் சொல்வதற்குப் பதில் வரிசையை நீட்டிவிடலாம். அமெரிக்காவின் டீலக்ஸ் மெமரி மேன் என்ற பெட்டியில் 4,096 வாளிகள் கொண்ட சில்லுகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். தாளம் பழைய வேகத்திலேயே இருக்க, தாமதம் மட்டும் இரட்டிக்கிறது. இரைச்சல் சற்றுக் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டான்! பார்த்தால் அது 3005. பேர்பெற்ற சில்லு என்று யாரோ சொல்லக் கேட்டு, அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். அதிலும் 4,096 வாளிகள்தான். ஆனால் அது 15 வோல்ட்டில், எதிர் முனையில் வேலை செய்வது. 3205-க்கு 5 வோல்ட் போதும், முனையும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கவே கூடாது. எண்ணில் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம் என்று நினைப்பவர்கள் பலர். தந்தையின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை. நல்லவேளை, அதை அவன் இன்னும் சுற்றில் வைத்திருக்கவில்லை. குழுவில் இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டார்.

சரியான சில்லு வர ஒரு வாரம் ஆனது. பழைய 47 மின்தேக்கியைத் திரும்பப் போட்டு, இரண்டாவது சில்லையும் சேர்த்துப் பற்றவைத்தோம். நான் மின்னணுவியல் படித்தவனல்ல. பயிற்சிக் கல்லூரியில் ஒரு சிறு வானொலி செய்யச் சொன்னார்கள். அதில் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் மட்டும் உண்டு. விசையைப் போட்டால் எதிரொலியே இல்லை. புதுச் சில்லும் போய்விட்டது என்று பையன் அழாத குறை.

சில்லு போகவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளே நுழையும் ஒலியை நடு அளவில் நிறுத்தி வைக்க ஒரு சிறு திருகு உண்டு. வாளி பாதி நிறைந்த நிலையில் இருந்தால்தான் அலை மேலும் கீழும் ஆட இடமிருக்கும். அது விலகியிருந்தால் ஒலி உடைந்து கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. சில்லை மாற்றினாலோ சேர்த்தாலோ அந்தத் திருகை மறுபடியும் வைக்க வேண்டும். இதை அறியாமல் நல்ல சில்லைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. ஒரு கம்பியை மீட்டிக்கொண்டே மிக மெதுவாகத் திருப்பச் சொன்னேன். முதலில் கரகரப்பு, பிறகு ஒரு முடியளவு திருப்பியதும், அப்பா என்று கூப்பிடுவதுபோல் தெளிவாக வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பெட்டி 9 வோல்ட் மின்கலத்தில் ஓடுவது, தொட்டால் ஆபத்தில்லை. ஆனால் இதில் கை பழகிய பையன் அடுத்து ஒலிபெருக்கியைத் திறப்பான். அதில் 240 வோல்ட் இருக்கிறது. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கிகள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்க விடாதீர்கள். ஈயம் வைக்கும் வேலை சமையல் மேசையில் வேண்டாம். சன்னலைத் திறந்து வைக்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நம் ஊர் ஈரப் பனிக்குச் செருகும் இடங்களில் துரு ஏறும். பெட்டியை வெறும் தரையில் போடாமல் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

திருவிழாவுக்கு முதல்நாள் ஒத்திகைக்குப் போயிருந்தேன். தந்தை பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பையன் ஒரு கம்பியை மீட்டி நிறுத்தினான். அரை விநாடி கழித்து அது திரும்பி வந்தது. தந்தை என் பக்கம் சாய்ந்து, "சார், இது எந்த மலை தூரம்?" என்று கேட்டார். கோயிலுக்கு எதிரே, சரிவின் நடுவில் நிற்கும் ஒற்றை மரத்தைக் காட்டினேன்.

வணக்கம்.