நடிப்புத் தொழிலும் நம் இளைஞரும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நடிப்பைத் தொழிலாகக் கொள்ளலாமா என்பது பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். ஆசிரியர் வேலை, வங்கி வேலை, காவல்துறை வேலை பற்றியெல்லாம் பேசும் இம்மேடையில் இத்தலைப்பு எதற்கு என்று பெரியவர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இக்கேள்வி நம் இல்லங்களில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. "சென்னைக்குப் போய் நடிகனாகப் போகிறேன்" என்கிறான் மகன். "கூத்தாடிப் பிழைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று சினக்கிறார் தந்தை.

அந்தச் சினத்துக்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் பறை அடித்தனர், ஆடினர், பாடினர். இழவு வீட்டுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்கள் கலை வேண்டியிருந்தது. வரமாட்டேன் என்று சொல்லவோ, இவ்வளவு கூலி வேண்டும் என்று கேட்கவோ அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஊழியத்திலிருந்து விடுபடத்தான் நாம் பள்ளிக்கூடத்தை நாடினோம். ஆனால் பெரியோர்களே, இழிவு கலையில் இருந்ததா, கட்டாயத்தில் இருந்ததா? விரும்பிக் கற்று, ஊதியம் பேசி, பிடிக்காதபோது விலகும் உரிமையோடு செய்தால் அதுவும் மதிப்புக்குரிய தொழிலே.

நடிப்பின் வரலாறு நம் புதுச்சேரிக்கு அயலானதன்று. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் இந்நகரில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவரது நினைவிடத்துக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் வந்து வணங்குகின்றனர். அவர் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பயின்றவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். பாலர் நாடகக் குழுக்களிலிருந்துதான் எம்.ஜி.இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் வந்தனர். குரல், பாட்டு, உச்சரிப்பு, உடல் அசைவு ஆகியவற்றில் சிறுவயது முதலே கடும் பயிற்சி பெற்ற பின்னரே அவர்கள் வெள்ளித்திரைக்குச் சென்றார்கள். சிவாஜியின் முதற்படமான 'பராசக்தி' 1952-இல் வெளிவந்தது. அதற்கு முன் அவர் மேடையில் கழித்த ஆண்டுகளை நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்குழுக்களில் சேர்ந்த சிறுவர் பலர் பள்ளிப் படிப்பை இழந்தனர். பருவம் வந்து மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்ததும் வாய்ப்பிழந்தோரும் உண்டு. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

நம்மவர்க்கோ திறமை மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. பி.கே.ரோசி என்ற பெண்மணியை நீங்கள் அறிய வேண்டும். மலையாளத்தின் முதல் பேசாப்படமான 'விகதகுமாரன்' படத்தின் கதாநாயகி அவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஒரு நாயர் பெண்ணாக அவர் திரையில் தோன்றியதைச் சாதி வெறியர் பொறுக்கவில்லை. திரையை நோக்கிக் கல்லெறிந்தனர். அவர் வீட்டுக்குத் தீயிட்டனர். அவர் ஊரைவிட்டே வெளியேறினார். பின்னர் அவர் நடிக்கவேயில்லை. இன்று சென்னையில் அவர் பெயரால் திரைப்பட விழா நடத்துகிறார்கள். காலம் மாறியிருக்கிறது, முழுவதும் மாறிவிடவில்லை.

இனி நம் கண்முன் வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன். முனைவர் கே.ஏ.குணசேகரன் சிவகங்கைச் சீமையில் வறுமைக்கும் தீண்டாமைக்கும் நடுவே வளர்ந்தவர். அந்த வாழ்வை 2005-இல் வெளிவந்த 'வடு' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அவர் நாட்டுப்புறப் பாடகர், நடிகர், 'பலியாடுகள்' என்னும் நாடகத்தின் ஆசிரியர். கலையை விடாமலே முனைவர் பட்டம் வரை படித்தார். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் தாங்கிய நிகழ்கலைப் புலத்தில் பேராசிரியராகத் திகழ்ந்து, 2016-இல் மறைந்தார். எந்த ஆட்டத்தையும் பாட்டையும் இழிவென்று சொன்னார்களோ, அவற்றையே பல்கலைக்கழகத்தில் பாடமாக்கினார். மேடையும் ஏடும் அவருக்கு இரு கைகளாக இருந்தன.

ஆகவே மாணவர்களே, படிப்பை முடியுங்கள். இது தலைமையாசிரியன் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி என்று தள்ளிவிடாதீர்கள். காலாப்பட்டு நாடகத் துறையின் முதுநிலைப் படிப்பில் சேரப் பட்டம் வேண்டும். 1959-இல் தொடங்கப்பட்ட தில்லித் தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பயிற்சிக்கும் பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும். இடையில் கல்லூரியை விட்டவனுக்கு இவ்விரு கதவுகளும் மூடிக்கொள்ளும்.

அடுத்து, நாக்கைப் பழக்குங்கள். ழகரமும் ளகரமும் ஒன்றாக ஒலிக்கும் வாயால் வசனம் பேச இயலாது. நாள்தோறும் உரக்கப் படியுங்கள். தெருக்கூத்தை விடிய விடிய இருந்து பாருங்கள். நடிகனுக்கு ஆண்டு முழுவதும் வேலை இராது. ஆதலால் ஒப்பனை, ஒளியமைப்பு, பின்னணிக் குரல், நாடகம் கற்பித்தல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் உடன் கற்றுக்கொள்ளுங்கள்.

வேடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். நடிப்பவனுக்குத்தான் ஊதியம் தர வேண்டும். நடிப்பவன் பணம் கட்டுவது முறையன்று. நம் பெண்மக்கள் இத்துறைக்கு வருவதைத் தடுக்க வேண்டா. பணியிடத்தில் பெண்களைக் காக்க 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும் என்பதை அவர்களுக்குக் கற்பியுங்கள்.

கழகத்தாருக்கு இரு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளைக் கொண்டு ஒரு முழு நாடகம் அரங்கேற்றுங்கள். யாருக்கு உண்மையான ஆற்றல் உண்டு, யாருக்கு ஆசை மட்டுமே உண்டு என்பது அங்கேயே தெரிந்துவிடும். நாடகப் பள்ளி நேர்காணலுக்குச் செல்லும் ஏழை மாணவனின் பயணச் செலவை, மருத்துவப் படிப்புக்கு உதவுவதைப் போன்றே, கழகம் ஏற்கட்டும்.

கோயில் வாசலுக்கு வெளியே நின்று பறை அடித்தவரின் பேரன், அரங்கின் நடுவே ஒளியில் நின்று பேசட்டும். அவன் கையில் பட்டமும், சட்டைப்பையில் ஒப்பந்தத் தாளும் இருக்கட்டும். கூத்தாடி என்று அவனை இகழ எவருக்கும் அப்போது துணிவு வராது.