நீர் நடந்த வழியே மிதிவண்டி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழாவில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று அவையோர் வினவக் கூடும். ஓர் ஊரைப் பாட விழைபவன் அவ்வூரை எந்த வேகத்தில் காண்கிறான் என்பது கவிதைக்குப் புறம்பான செய்தியன்று. பேருந்தின் வேகத்தில் வயல் வெறும் பச்சையாகத் தெரியும். நடையின் வேகத்தில் ஒரு வயலுக்குள்ளேயே பொழுது போய்விடும். மிதிவண்டியின் வேகமோ, ஒரு மடையிலிருந்து அடுத்த மடைக்குச் செல்வதற்குள் முன்னதன் ஓசை காதில் தங்கியிருக்கும் வேகம். கீழப்பாவூர் வட்டாரத்தை அறிவதற்கு இதனினும் பொருத்தமான ஊர்தி இல்லை எனலாம். அதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது.

குற்றாலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருநெல்வேலி ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட 60 கிலோமீட்டர் அளவிலான தொலைவில் நிலம் கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்ற கணக்கில்தான் கிழக்கே சாய்கிறது. மிதிப்பவனின் கால் இச்சரிவை உணர்வதே இல்லை. ஆனால் தண்ணீர் உணர்கிறது. குற்றால மலையில் பிறந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் நீரை அணைக்கட்டுகளில் மறித்து, கால்வாய்களில் திருப்பி, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்தாகுமாறு கோத்து வைத்த முன்னோர், இந்தச் சிறு சரிவை நம்பியே அனைத்தையும் செய்தனர். நீருக்கு எளிதான வழி சக்கரத்திற்கும் எளிதாகிறது. ஆதலின் இவ்வட்டாரத்தின் நல்ல மிதிவண்டி வழிகளைப் புதிதாக எவரும் வகுக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் கரையைப் பற்றிச் சென்றால் போதும்.

இங்கிலாந்து நாட்டில் மிதிவண்டிப் பயணம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. மிதிவண்டிப் பயணிகளுக்கான சங்கம் அங்கே 1878இல் தோன்றியது. தாழ்ந்த குன்றுகளும் வேலிச்செடிகளும் நிறைந்த சிற்றூர்ச் சாலைகளை அவர்கள் நாட்டின் செல்வமாகவே கருதினர். அந்நாட்டின் சிறிய மாவட்டங்களுள் ஒன்றான ரட்லண்டில், 1970களில் ஒரு பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்பி ஒரு பெரிய நீர்த்தேக்கம் அமைத்தனர். நெதர் ஹாம்பிள்டன் என்னும் சிற்றூர் அதனுள் மறைந்தது. நார்மன்டன் தேவாலயத்தின் அடிப்பகுதியை மட்டும் நிரப்பிக் காத்தமையால், அது இன்றும் நீரின் நடுவே நிற்பதுபோல் தோன்றுகிறது. அந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டி வழி உண்டு. குடும்பம் குடும்பமாக மக்கள் அதில் வலம் வருகின்றனர்.

அதுபோல் கீழப்பாவூர்ப் பெரியகுளத்தையும் சுற்றி வரலாமே என்று ஒருவர் நினைத்தால், அவர் குளம் என்பதன் இயல்பை அறிந்திலர் என்றே கொள்ள வேண்டும். ரட்லண்டின் ஏரிக்குக் கரை பெரும்பாலும் நிலையானது. நம் நாட்டுக் குளத்திற்கோ உயர்ந்த கரை தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே உண்டு. எதிர்ப்பக்கத்தில் நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை மாதம்தான் சொல்லும். கார்த்திகையில் நீராக இருந்த இடம் பங்குனியில் ஆடு மேயும் இடம். ஆகவே இங்கே குளத்தைச் சுற்றும் வழி ஒன்றன்று. ஆண்டில் பல. நீர் ஏறினால் வழி விலகி ஊர்களுக்குள் புகும். நீர் வற்றினால் வழி குளத்திற்குள்ளேயே இறங்கும். குளத்தைக் கேட்டுத்தான் பயணி வழி தேர வேண்டும். கவிஞருக்கு இதனினும் நல்ல பாடம் வேறென்ன?

பருவத்தைப் போலவே காற்றும் இங்கே வழிகாட்டி. ஆரியங்காவுக் கணவாயின் வழியாக மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் புகுந்து வீசுவதை இவ்வவையினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்திற்குச் சாரலைத் தரும் அதே காற்று, மேற்கு நோக்கி மிதிப்பவனின் மார்பில் கைவைத்துத் தள்ளுகிறது. எனவே அம்மாதங்களில் காற்று வலுக்கும் முன், விடியற்காலையில் மேற்கே செல்வதும், பொழுது ஏறியபின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கீழப்பாவூர் திரும்புவதுமே அறிவுடைமை. தை, மாசி மாதங்களில் இத்தொல்லை இல்லை. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகியிருக்கும். பிசான நெல் விளைந்துகொண்டிருக்கும். வலசைப் பறவைகள் வந்திறங்கியிருக்கும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தை மாதத்தையொட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருவது ஈண்டு நினைக்கத்தக்கது.

வழிகளுள் மூன்றைச் சுட்டுதல் தகும். முதலாவது, பதினாறு திருக்கரங்களுடன் நரசிம்மர் எழுந்தருளியுள்ள கோயிலின் தெப்பக்குளத்தில் தொடங்கிப் பெரியகுளத்தின் கரைமேல் செல்லும் குறுவழி. சிறுவருக்கும் முதியவருக்கும் ஏற்றது. இரண்டாவது, வயல்வழிச் சாலைகளைப் பற்றிச் சுந்தரபாண்டியபுரம் சென்று திரும்பும் வழி. ஆடி, ஆவணியில் அவ்வூர்ப் பக்கத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைக் காணக் கேரளத்தவர் திரள்கின்றனர். 2005இல் வெளிவந்த அந்நியன் திரைப்படத்திற்காக வண்ணம் தீட்டப்பெற்ற பாறையும் அப்பக்கத்தில் உண்டு. மூன்றாவது, பாவூர்சத்திரம், தென்காசி, மேலகரம் வழியாகக் குற்றாலம் செல்லும் வழி. ஒருபக்கத் தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

இம்மூன்றாம் வழி கவிஞர்க்குரிய வழி. மேலகரம் திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தந்த திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலமோ, வட்டத்தொட்டியை நடத்திய இரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து 1954இல் மறைந்த ஊர். ஓர் இலக்கிய வட்டம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வைத்த முன்மாதிரியின் நிழலில்தான் இன்றைய வட்டங்கள் யாவும் நிற்கின்றன. கவிராயரோ வேறொரு கடமையை விட்டுச் சென்றார். குறவஞ்சியில் பறவைகள் வந்து மேயும் பகுதியை நினைவுகூர்க. பறவைகள் ஏதோ ஒரு வயலில் இறங்குவதில்லை. பெயருள்ள வயல்களில், பெயருள்ள குளங்களில் இறங்குகின்றன. அப்பெயர் வரிசையே அங்கே கவிதையாகிறது. அப்பெயர்கள் கவிராயரின் கற்பனையிலிருந்து மட்டும் வந்தவையல்ல. உழுதவரும் மடை திறந்தவரும் வழங்கிய பெயர்களுக்கும் அதில் பங்குண்டு.

இன்று அப்பெயர்களின் நிலை என்ன? திருநெல்வேலி – தென்காசி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக விரிந்தபோது ஓரத்து மரங்கள் பல வீழ்ந்தன. விரைவு வேண்டுவோர்க்கு அச்சாலை நன்மையே. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி கேரளம் செல்லவும் அது வேண்டும். ஆயினும், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவியும், கேரியரில் புல்லுக்கட்டு வைத்து வரும் உழவரும் அந்த விரைவுக்கு நடுவே செல்லும்படி ஆகிறது. அவர்களுக்குரிய வழி வாய்க்கால் கரையில் இருந்தது. சில இடங்களில் அது முள்ளடைந்தது. சில இடங்களில் வேலிக்குள் போனது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். அவர்கள் அடைந்தது ஓர் ஊர்தியை மட்டுமன்று, ஒருவர் துணையும் வேண்டாது செல்லும் உரிமையை. அச்சமின்றிச் செல்ல வழி இல்லாதபோது அவ்வுரிமை பாதியாகிறது.

இங்கிலாந்தில் இச்சிக்கலுக்கு அவர்கள் முதலில் கண்ட விடை தார் அன்று, ஏடு. 1949இல் இயற்றிய சட்டத்தின்படி சிற்றூர்ப் பாதைகளை ஆய்ந்து வரைபடத்தில் பதிந்தனர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி செல்லும் உரிமையை வழங்கியது. பதிவு பெற்ற பாதையை எளிதில் மறைக்க இயலாது. இங்கேயும் குளங்களைக் காக்க 2007இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துள்ளது. வருவாய்த் துறை வரைபடங்களில் குளமும் ஓடையும் வண்டிப்பாதையும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் மடையின் பெயரும், கரைத்திருப்பத்தின் பெயரும், ஆலமரத்தடியின் பெயரும் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே உள்ளன. அவர்களுடன் அவையும் போய்விடும்.

அப்பெயர்களைப் பதிதல் இலக்கிய வட்டத்தின் பணியாகுமேயன்றிப் பிறருடையதாகாது. இரண்டிரண்டு உறுப்பினராக, ஞாயிறுதோறும் ஒரு வாய்க்காலைத் தேர்ந்து, மிதிவண்டியில் அதன் கரை வழியே சென்று, எதிர்ப்படும் பெரியவரிடம், "ஐயா, இந்த மடைக்குப் பேரு என்ன?" என்று கேட்டு எழுதி வந்தால், ஓராண்டில் ஒரு வழிநூல் உருவாகும். எம்மாதத்தில் எவ்வழி திறந்திருக்கும், எங்கே நீர் பருகலாம், எங்கே நெல் காயும் காலத்தில் இறங்கி உருட்டிச் செல்ல வேண்டும் என்பன அதில் இடம்பெற வேண்டும். குளம் முதற்கண் உழவருடையது. பயணி விருந்தினன். கரையில் கல் பாவுவதும், விளக்கு நடுவதும், பறவை அஞ்சும் வண்ணம் கூட்டம் சேர்ப்பதும் இந்நூலின் நோக்கமாதல் கூடாது.

பத்தாண்டுகளில் இவ்வட்டம் கேட்ட கவிதைகளில் குளம் எத்தனையோ முறை வந்திருக்கும். பதினோராம் ஆண்டில் அக்குளம் தன் பெயரோடும், தன் மடைகளின் பெயரோடும் வரட்டும். அடுத்த தை பிறக்கும்போது வழிநூலின் முதல் ஏடு இவ்வவையில் படிக்கப்பெறுமாயின், பத்தாம் ஆண்டு விழா பயன் தந்தது என்று பின்வருவோர் கூறுவர்.