தட்டோரம் ஒதுங்கும் கேரட்

சாம்பாரில் கிடக்கும் கேரட்டைப் பொறுக்கித் தட்டோரம் அடுக்கிவைக்கிற பிள்ளை வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அப்பா என்ன செய்கிறார்? "கேரட் சாப்பிட்டால்தான் சாக்லேட்" என்கிறார். பிள்ளை என்ன நினைக்கும்? லஞ்சம் கொடுத்துத் தின்னவைக்கிறார்கள் என்றால் அது மட்டமான பண்டமாகத்தான் இருக்கும்! நியாயம்தானே?

புதுக் காய் ஒன்று நாக்குக்குப் பழக எட்டு, பத்து தடவையாவது ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள், இதை ஆராய்ந்தவர்கள். நாமோ மூன்றாம் தடவையே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அதுவும் அவன் காதுபட! ஒரு வாய் போதும்; மீதியை ஒதுக்கினால் ஒதுக்கட்டும். நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் நிறைய. அதை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, கண்ணுக்கு அவசியமானது. ஆனால் கொழுப்புச்சத்து கூட இருந்தால்தான் சரியாகச் சேரும். அதனால் வெறுமே வேகவைத்த கீரையைவிட, எண்ணெயில் தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்ட பொரியல் மேல். கீரையிலுள்ள இரும்புச்சத்துக்குக் கூட்டாளி வேறு: எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற வைட்டமின் சி. சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அந்த இரும்பு சேருவது குறைந்துபோகும்.

இன்னொன்று. முருங்கைக்கீரை உருவுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பாதி காம்போடு வரும், வரட்டும். தான் உருவிய கீரை என்று ஒரு கவளம் கூடுதலாகக் கேட்டாலும் கேட்பான். அப்படியே அப்பா தட்டிலும் ஒரு கரண்டி போடுங்கள். பல வீடுகளில் முதலில் ஒதுக்குகிறவர் அவர்தான்!